வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாவில் பெருக்கிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

கொக்குவில் கணக்கர்

நல்லூர்த் திருவிழா தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். எப்போது வந்தீர்கள்? அங்கே மாதம் எவ்வளவு எடுக்கிறீர்கள்? முதற் கேள்விக்கு மட்டும்தான் நேரான பதில் கிடைக்கும்.

தொழிலால் கணக்கு எழுதுபவன் என்பதால் இப்படிப்பட்ட தொகைகளைச் சரிபார்க்கச் சொல்லி உறவினர்கள் என்னிடம் வருவார்கள். அண்மையில் ஒரு கலியாணத் தரகர் என் ஒன்றுவிட்ட அக்காவிடம், “மாப்பிள்ளை லண்டனில் மாதம் எட்டு இலட்சம் எடுக்கிறார்” என்று சொல்லியிருக்கிறார். அக்கா மலைத்துப்போய் என்னிடம் ஓடிவந்தார். கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டோம்.

பிரித்தானியாவில் 2025 ஏப்ரலில் இருந்து 2026 மார்ச் வரை, 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண். கிழமைக்கு 37.5 மணிநேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 23,800 பவுண். அதை 12 ஆல் பிரித்து, ஒரு பவுண் 400 ரூபா என்று இலகுவாகப் பெருக்கினால் கிட்டத்தட்ட எட்டு இலட்சம் வருகிறது. அதாவது, தரகர் வாய் நிறையச் சொன்ன எட்டு இலட்சம் அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த சம்பளம். அதற்குக் கீழே கொடுத்தால் முதலாளிக்குத் தண்டம்!

மிச்சத்தையும் போட்டோம். ஆண்டுக்கு 12,570 பவுணுக்கு மேல் உழைப்பதில் 20 வீதம் வருமான வரி, 8 வீதம் தேசியக் காப்புறுதி. கையில் வருவது மாதம் 1,720 பவுண் அளவில். அதில் அறை வாடகை, ரயில், சாப்பாடு, தொலைபேசி எல்லாம் போக 400 பவுண் மிஞ்சினால் மாப்பிள்ளை கெட்டிக்காரர். அந்த 400 ஐ 400 ஆல் பெருக்குங்கள், ஒரு இலட்சத்து அறுபதாயிரம். அதுதான் யாழ்ப்பாணத்து ரூபா. மற்றதெல்லாம் அங்கே பவுணாகப் பிறந்து பவுணாகவே செத்துப்போகிற காசு. அதை இங்கே யாரும் செலவழிக்கப் போவதில்லை. பிறகு ஏன் ரூபாவில் பெருக்குகிறோம்?

மாப்பிள்ளையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நேர்மையாக உழைக்கிற பிள்ளை. கலியாணமும் பொருந்திவிட்டது. தரகரின் பெருக்கல்தான் பொருந்தவில்லை. உங்களுக்கும் இப்படிக் கணக்குகள் வாய்த்திருக்கும், எழுதுங்கள்.

இணுவில், முன்பு பேர்ண்

சுவிசில் உணவகச் சமையலறையில் நீண்ட காலம் நின்றவன் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் பலர் அங்கே கால் ஊன்றியது பாத்திரம் கழுவும் தொட்டியடியில்தான்.

ஊரில் ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டு, “சுவிசில் சராசரிச் சம்பளம் ஏழாயிரம் பிராங்காம், நீங்கள் ஏன் இன்னும் மாடி கட்டவில்லை?” என்று கேட்டார். அந்தத் தொகை பொய்யில்லை. 2024 இல் முழுநேர வேலைக்கான இடைநிலைச் சம்பளம் 7,024 பிராங்க். சம்பளம் வாங்குபவர்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருடைய சம்பளம் அது. வங்கிக்காரரும் மருந்துக் கம்பனி ஆய்வாளரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். தொழிற்கல்விச் சான்று இல்லாமல் சமையலறையில் நிற்பவருக்கு உணவகத் துறைக் கூட்டு ஒப்பந்தம் வைத்திருக்கும் குறைந்தபட்சம் மாதம் 3,700 பிராங்க் அளவில். நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே இல்லை; ஜெனீவா போன்ற சில மாநிலங்கள் மக்கள் வாக்கெடுப்பு வைத்துத் தாமாகக் கொண்டுவந்தன. நாட்டின் சராசரியைக் கேட்பவர்கள், அந்த நாட்டில் எங்கள் ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கேட்பதில்லை.

இன்னொன்று. சுவிசில் மருத்துவக் காப்புறுதி கட்டாயம், அது சம்பளத்தில் கழிபடாது. சம்பளம் கைக்கு வந்த பிறகு நாங்கள்தான் தனியாகக் கட்ட வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு 2025 இல் சராசரியாக மாதம் 450 பிராங்க். கணவன், மனைவி என்றால் தொள்ளாயிரம். பிள்ளைகளுக்கு வேறாக. வரியும் பலருக்கு அப்படித்தான், பின்னால் பில்லாக வரும். புதிதாக நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தவர்கள், அதுவரை சம்பளத்திலேயே கழிந்த வரி இனிக் கழியாது என்பதை மறந்து, முதல் வருடம் கையில் கிடந்த காசை ஊருக்கு அனுப்பிவிட்டு வரி பில்லைக் கண்டு திகைத்து நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாடி கட்டினேன், ஐயா. இரண்டு பேர் உழைத்துக் கட்டிய மாடி.

சுன்னாகம் ஓட்டோக்காரன்

நான் கட்டாருக்குப் போய் வந்தவன். லண்டன், சுவிஸ்காரர்களின் பேச்சுக்கு நடுவே எங்கள் சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே 2021 மார்ச்சில் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் ஆயிரம் றியால். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி தராவிட்டால் 500 உம் 300 உம் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு றியால் 85 ரூபா என்று வைத்தால், ஆயிரம் றியால் 85,000 ரூபா.

லண்டனின் எட்டு இலட்சத்துக்குப் பக்கத்தில் இது தூசு. ஆனால் கணக்கர் அண்ணா சொன்ன மாதிரி மிச்சத்தைப் பாருங்கள். சம்பளத்துக்கு வரி இல்லை. முகாமில் படுக்கை, முதலாளியின் சாப்பாடு. மேலதிக நேர வேலையும் கிடைத்தால் ஆயிரம் றியாலையும் முழுதாக அனுப்பலாம், நான் அனுப்பியிருக்கிறேன். வட்டமாக 400 பவுண் மிச்சம் பிடிக்கிறவருக்கும் எனக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம் இல்லை, ஏறத்தாழ இரண்டு மடங்குதான்.

சட்டம் சொல்லுகிற தொகை நேரத்துக்கு வந்தால்தான் இந்தக் கணக்கு சரி. எங்கள் கம்பனி இரண்டு மாதம் இழுத்தடித்தது. அந்த நேரம் வீட்டில் நகை அடகுக்குப் போனது. அடகு வட்டியைக் கழித்துப் பார்த்தால் என் ‘சராசரி’ என்ன என்று யாராவது சொல்லுங்கள். இன்னும் ஒன்று, அங்கே வயதுபோகும் வரை இருக்க விடமாட்டார்கள். லண்டன்காரருக்குக் குடியுரிமை, பிள்ளைகளின் படிப்பு. அதை எந்த நாணயத்தில் பெருக்குவது?

வடமராட்சி ரீச்சர்

நான் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே என் சம்பளம் பாதியானது.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360 ஐத் தொட்டது. என் சம்பளச் சீட்டில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அந்த வருடம் யாராவது ‘இலங்கை ஆசிரியரின் சம்பளம் இத்தனை டொலர்’ என்று அட்டவணை போட்டிருந்தால் பங்குனியில் ஒரு நாட்டிலும் வைகாசியில் இன்னொரு நாட்டிலும் நான் வேலை செய்ததாகத்தான் தெரிந்திருக்கும். உள்ளூர் முருங்கைக்காய்க்கு அந்த வித்தியாசம் உடனே தெரியவில்லை. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் உடனே தெரிந்தது. அதே நாட்களில் கனடாவில் இருந்து மாதம் முந்நூறு டொலர் வருகிற பக்கத்து வீட்டில் வருமானம் ரூபாவில் துள்ளி ஏறியது. அங்கே உழைக்கிற பெடியன் ஒரு மணிநேரம்கூடக் கூடுதலாக வேலை செய்யவில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள், படிப்படியாகத் தருவதாக. தனியார் துறைக்கு 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. டொலரில் பார்த்தால் நூறை ஒட்டிய தொகை. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, “ரீச்சர், ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சை வகுப்பு எங்கே நல்லது?” என்பதுதான்.

பெயர் வேண்டாம்

எல்லோரும் பொறாமையில் பேசுகிறீர்கள். வெளிநாட்டுக் காசு இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் பாதி வீட்டுக்கு ஓடு இருக்காது.

கொக்குவில் கணக்கர்

கூரை ஓடுகளைப் பற்றி இங்கே யாருக்கும் வழக்கு இல்லை. எத்தனை மணிநேரம் உழைத்து அந்த ஓடுகளை வாங்கினார்கள் என்பதுதான் பேச்சு.

நான் இப்போதெல்லாம் நாணயத்தை விட்டுவிட்டு மணிநேரத்தில் பார்க்கிறேன். ‘தி எக்கொனமிஸ்ட்’ சஞ்சிகை 1986 இலிருந்து பேர்கர் விலையை வைத்து நாணயங்களை ஒப்பிடுகிறது. யாழ்ப்பாணத்துக்குக் கொத்து ரொட்டிதான் சரி. இங்கே நாட்கூலிக் குறைந்தபட்சம் 1,200 ரூபா, எட்டு மணிநேரத்துக்கு என்றால் மணிக்கு 150. கொத்து 800 ரூபா என்றால் ஐந்து மணிநேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். லண்டனில் கொத்து 9 பவுண் என்றால் முக்கால் மணிநேரம். பெற்றோல் இன்னும் மோசம். இங்கே ஒரு லீற்றர் 300 ரூபா என்றால் இரண்டு மணிநேர உழைப்பு. அங்கே ஏழு நிமிடம்.

தலைமயிர் வெட்டுவதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இடைவெளி அவ்வளவு பெரிதாக வரவில்லை. கப்பலில் வருகிற பொருளுக்கு உலக விலை, பக்கத்து ஆளின் உழைப்புக்கு உள்ளூர் விலை. உள்ளூர் விலைவாசியையும் சேர்த்துப் பார்க்கும் உலக வங்கியின் வாங்குதிறன் கணக்கில் இலங்கையின் வருமானம் சந்தை நாணய மாற்றுக் கணக்கைவிட மூன்று மடங்குக்கு மேல் தெரிவதற்கு முக்கிய காரணம் இந்த உள்ளூர் விலைதான். ஆனால் பெற்றோல் நிலையத்தில் அந்த மூன்று மடங்கைக் காட்டி எண்ணெய் அடிக்க முடியாது.

மேசன்மார் இந்தச் சட்டக் கூலிக்கு வரமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நாலாயிரத்துக்குக் குறைவாக ஒருவரும் கரண்டியைத் தொடுவதில்லை. நன்றாக இருக்கட்டும்.

மானிப்பாய்ப் பிள்ளை, இப்போது இங்கிலாந்து

முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான கெயர் விசாவில் வந்தவள். ஊரில் ஒரு முகவர் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, “ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி” என்று அப்பாவிடம் சொன்னார். 2025 ஏப்ரலில் இந்த விசாவுக்கு வைத்திருந்த குறைந்தபட்சம் 25,000 பவுண், மணிக்கு 12.82. அதை 400 ஆல் பெருக்கினால் ஒரு கோடி சரியாகத்தான் வருகிறது. பொய் சொல்லாமலே ஏமாற்றலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒரு முதியவர் வீட்டிலிருந்து அடுத்த முதியவர் வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகிற நேரத்துக்கு என் முதல் வேலையிடம் சம்பளம் தரவில்லை. காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு இரவு பத்துக்கு வந்தாலும் சம்பளச் சீட்டில் எட்டு மணிநேரம்தான் இருக்கும்.

2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியரை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இனியும் யாராவது இந்த விசாவுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சுன்னாகம் ஓட்டோக்காரன்

தங்கச்சி, அப்பாவின் கடன் முடிந்ததா?

மானிப்பாய்ப் பிள்ளை, இப்போது இங்கிலாந்து

சீட்டு எடுத்து முக்கால்வாசி கட்டியாயிற்று அண்ணா. இடம் மாறிவிட்டேன், இப்போது பயண நேரத்துக்கும் தருகிறார்கள். ஒன்று கேட்க வேண்டும், கணக்கர் அண்ணா: தம்பிக்குக் கொழும்பில் 90,000 ரூபாவுக்கு வேலை வந்திருக்கிறது, ஊழியர் சேமலாப நிதியும் உண்டு. அவன் கட்டாருக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். ஆயிரத்து ஐந்நூறு றியாலாம்.

கொக்குவில் கணக்கர்

சேமலாப நிதிக்கு முதலாளி போடுகிற 12 வீதத்தையும் நம்பிக்கை நிதிக்கான 3 வீதத்தையும் 90,000 உடன் கூட்டுங்கள், 1,03,500. அவனுடைய 8 வீதம் சம்பளத்தில் கழியும், ஆனால் அவன் பெயரில்தான் சேரும். மாதம் ஒன்றரை இலட்சத்துக்குள் என்றால் வருமான வரியும் இல்லை. கொழும்பில் அறை வாடகை எவ்வளவு, கட்டாரில் சாப்பாடும் தங்குமிடமும் அந்த ஆயிரத்து ஐந்நூறுக்குள் அடக்கமா, வெளியா, முகவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். ஒப்பந்தத்தின் படத்தையும் தனியாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.