இருட்டினால் ஏறும் இரைச்சல், பாதியாகிப் போன சூரிய அலை: மொரீஷியஸிலிருந்து ஓர் உதவி

கிழக்குக்கடல் | ஆகஸ்ட் 24, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் வடகிழக்குக் கரையோரம் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருக்கிறேன். பிறந்தது தேவகோட்டைப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்து 9 வருஷம். வளாகத்துக்குப் பின்னால், கரும்புத் தோட்டத்தை ஒட்டி, மாணவர்களுக்காக ஒரு சின்ன ரேடியோ தொலைநோக்கி வைத்திருக்கிறோம். அதை ஓட்டுவது, பழுது பார்ப்பது, தரவை எடுத்து வைப்பது எல்லாம் நான்தான். கேட்க ஆள் இல்லாததால் இங்கே வருகிறேன்.

அமைப்பு இதுதான். சுருள் ஆன்டெனா 8. கிழக்கே 4, மேற்கே 4, இரண்டு குழுவுக்கும் நடுவே 60 மீட்டர். ஒவ்வொரு குழுவிலும் நான்கும் ஒரு கம்பைனரில் (சிக்னல்களை ஒன்றாக்கும் பெட்டி) சேரும். பக்கத்திலேயே எல்என்ஏ, அதாவது மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி. அங்கிருந்து கேபிளில் அறைக்கு வரும். அலைவரிசை 151.5 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா எதுவும் நகராது, வானம்தான் மேலே நகர்ந்து போகும், நாங்கள் பதிவு செய்கிறோம்.

ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. சாயங்காலம் ஆனால் இரண்டு குழுவிலும் இரைச்சல் ஏறுகிறது. வாட்டர்ஃபால் படத்தில் (நேரத்தையும் அலைவரிசையையும் சேர்த்துக் காட்டும் படம்) குறுக்கே கோடு கோடாக விழுகிறது. இது போதாதென்று, நண்பகலில் சூரியன் உச்சியைக் கடக்கும்போது கிடைக்கும் அலை (இரண்டு குழுவின் சிக்னலையும் சேர்த்துப் பார்க்கும்போது ஏறி இறங்கும் கோடு) மே மாதத்தில் இருந்ததில் பாதிதான் இப்போது. மேற்குக் குழுதான் பலவீனம் என்று நினைக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மன் கோயில். ஆடி மாதம் முழுக்க சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் இருந்தன. ஆடி முடிந்த பிறகும் விளக்குகளை அவிழ்க்கவில்லை. கோயில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி முதல்வர் திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். அந்தக் கோயிலில்தான் நானும் விளக்குப் போடுகிறேன். தப்பான ஆளைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. இரண்டு எல்என்ஏவையும் புதிதாக வரவழைக்கலாமா என்றும் யோசிக்கிறேன், வந்து சேரவே பல வாரம் ஆகும். என்ன செய்யட்டும்?

டர்பன்காரன் | ஆகஸ்ட் 24, இரவு 11:15

ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயராகத்தான் இருக்கும் சகோதரி. இல்லையென்றால் சீரியல் விளக்கு. எங்கள் தென்னாப்பிரிக்கக் கரூ பாலைவனத்தில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி இருக்கும் இடத்தில் கைப்பேசியை அணைக்காமல் உள்ளே போகவே முடியாது. 64 தட்டுகளின் தரவையும் கையாளும் கணினிகளை நிலத்துக்கு அடியில் கட்டிய அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சின்ன மின்சுற்றுகூட வானத்தைவிடப் பல மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதால்தான். கடிதம் எழுதுங்கள், ஆனால் பணிவாக.

ஊட்டிக்குளிர் | ஆகஸ்ட் 25, காலை 6:05

தங்கச்சி, கடிதம் வேண்டாம். எல்என்ஏவும் வேண்டாம். ஒரு திருகையும் தொடாதீர்கள். முதலில் இரண்டு தகவல் தாருங்கள்.

ஒன்று, ரிசீவரில் தானியங்கி கெயின் (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று தானே மாற்றிக்கொள்ளும் வசதி) அணைத்திருக்கிறதா?

இரண்டு, "சாயங்காலம்" என்றால் எத்தனை மணி எத்தனை நிமிடம்? இன்றைக்கு மட்டும் போதாது. ஒரு மாதத்துக்கு முந்தைய பதிவையும் திறந்து பாருங்கள். இரைச்சல் மெதுவாக ஏறி உச்சிக்குப் போன நேரத்தையும், கோடுகள் தொடங்கிய நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே தொல்லையாக எண்ணி ஒரு மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

கிழக்குக்கடல் | ஆகஸ்ட் 25, காலை 9:30

அண்ணே, கெயின் கையால் வைத்ததுதான், மாறவில்லை. பதிவைப் பார்த்தேன்.

ஜூலை 25: இரைச்சல் உச்சம் இரவு சுமார் 9:45. கோடுகள் தொடங்கியது மாலை 6:06.
ஆகஸ்ட் 24: உச்சம் இரவு சுமார் 7:50. கோடுகள் 6:15.

இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்திருக்கின்றன! இதைக் கவனிக்கவே இல்லை. கோடுகள் விடியும்வரை இருக்கின்றன, விடிந்ததும் சட்டென்று நின்றுவிடுகின்றன. உச்சம் ஏறி இறங்கப் பல மணி நேரம் ஆகிறது, மாட்டுத் திமில் மாதிரி அகலமாக.

ஊட்டிக்குளிர் | ஆகஸ்ட் 25, காலை 10:10

போதும். உங்கள் பதிவே பதில் சொல்லிவிட்டது.

நம் வேலையில் மூன்று கடிகாரம் உண்டு. சுவர்க் கடிகாரம் மனிதருடையது. பள்ளி மணி, கடை திறப்பு, பூஜை நேரம் எல்லாம் அதன்படி நடக்கும். ஒலிபெருக்கியும் சீரியல் விளக்கும்தான் காரணம் என்றால், தொல்லை தினம் ஏறக்குறைய ஒரே மணிக்கு வரும், பூஜை முடிந்தால் நிற்கும். உங்கள் பதிவில் அப்படி எதுவுமே இல்லை.

அடுத்தது விண்மீன் கடிகாரம். ஒரு விண்மீன் முந்தைய நாளைவிட 3 நிமிடம் 56 விநாடி முன்னதாகவே உச்சிக்கு வரும். 30 நாளுக்குக் கணக்குப் போடுங்கள், 1 மணி 58 நிமிடம். உங்கள் திமில் 9:45இலிருந்து 7:50க்கு வந்திருக்கிறது. அது பழுதே அல்ல தங்கச்சி. அது நம் பால்வெளியின் மையம். மொரீஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது, பால்வெளி மையம் வானத்தில் அதே கோட்டுக்குத் தெற்கே 29 பாகையில். ஆகவே உங்கள் தலைக்கு மேலே 9 பாகைதான் சாய்ந்து கடக்கும். இந்த அலைவரிசையில் வானத்தில் அவ்வளவு பிரகாசமான பரப்பு வேறு கிடையாது. ஊட்டியில் எங்களுக்கு அது தெற்கே 40 பாகை சரிந்து போகும். நீங்கள் நின்ற இடத்திலிருந்தே அண்ணாந்து பார்க்கிறீர்கள்.

மூன்றாவது சூரியக் கடிகாரம். ஜூலை 25ஆம் தேதி உங்கள் ஊரில் சூரியன் மறைவது சுமார் 5:50, ஆகஸ்ட் 24இல் சுமார் 5:59. ஒன்பது நிமிடம் தள்ளிப் போகிறது. உங்கள் கோடுகளும் அதே ஒன்பது நிமிடம் தள்ளித் தொடங்குகின்றன, விடிந்ததும் நிற்கின்றன. கையால் போடுகிற விளக்கு சூரியனை இவ்வளவு துல்லியமாகப் பின்தொடராது. ஒளியை உணர்ந்து தானே எரிந்து தானே அணைகிற ஏதோ ஒன்று பக்கத்தில் இருக்கிறது. கண்டுபிடியுங்கள். தேடலை உங்கள் வளாகத்திலிருந்தே தொடங்குங்கள்.

டர்பன்காரன் | ஆகஸ்ட் 25, காலை 10:50

நேற்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அண்ணன் சொல்வதுதான் சரி.

தேட ஒரு வழி சொல்கிறேன். விமான அலைவரிசை கேட்கும் சின்னக் கை ரேடியோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் முறையில் கேட்கும். இருட்டிய பிறகு யாரும் பேசாத ஓர் அலைவரிசையில் வைத்துக்கொண்டு நடங்கள். எல்இடி விளக்கின் மின்வழங்கி 'ஙொய்' என்று அடிக்கும், நெருங்க நெருங்கக் கூடும். அப்புறம் அந்த விளக்கின் பிரேக்கரை ஒரு நிமிடம் இறக்கி ஏற்றுங்கள். வாட்டர்ஃபாலில் அதே ஒரு நிமிடம் வெறுமையானால் சந்தேகமே வேண்டாம்.

கருங்கல் | ஆகஸ்ட் 25, பிற்பகல் 2:20

அம்மா, நானும் இந்தத் தீவுக்காரன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். உங்களுக்குப் பக்கத்தில் பிரா தோவில் 1992இல் தொடங்கிய தொலைநோக்கியில் சில வருஷம் களப்பணி செய்தேன். அதுவும் உங்கள் 151.5 மெகாஹெர்ட்ஸ்தான், அதுவும் சுருள்தான். கிழக்கு மேற்காக 2048 மீட்டரில் 1024 சுருள், 32 குழுவாக. தெற்கே 880 மீட்டர் தண்டவாளம், அதன்மேல் 16 தள்ளுவண்டி, வண்டிக்கு 4 சுருள். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி வானத்தைப் பதிவு செய்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தள்ளுவோம். எல்லா இடைவெளியையும் எடுத்து முடிக்கக் குறைந்தது 60 நாள். நடுவில் ஒரு குழு படுத்துவிட்டால், அதை யாரும் கவனிக்காமல் பத்து நாள் ஓடிவிட்டால், அந்தப் பத்து நாள் உழைப்பு போச்சு. அதனால் சின்னத் தளர்ச்சியையும் அன்றைக்கே பிடிக்கப் பழகினோம்.

உங்கள் மூன்றாவது தொல்லை, பாதியாகிப் போன சூரிய அலை, அதுதான் எனக்குக் கவலை. அந்தத் திமிலைத் திட்டாதீர்கள், அதை வைத்தே மேற்குக் குழுவைச் சோதிக்கலாம். இரவின் உச்ச அளவை விடியற்காலையின் மிகத் தாழ்ந்த அளவால் வகுங்கள். இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக.

எல்என்ஏவுக்குப் பிறகு, கேபிளில் எங்காவது நஷ்டம் என்றால் உச்சமும் தாழ்வும் சேர்ந்தே இறங்கும், விகிதம் மாறாது. எல்என்ஏவுக்கு முன்னால் நஷ்டம் என்றால் வானத்தின் சத்தம் மட்டும்தான் குறையும். கெட்டுப்போன இடம் தன் சூட்டால் தானே சத்தம் போடும், எல்என்ஏவின் சொந்தச் சத்தமும் அப்படியே இருக்கும். அதனால் திமில் தட்டையாகிவிடும். கம்பைனரைத் திறப்பதா, அறையில் கேபிளைப் பார்ப்பதா என்பது அந்த ஓர் எண்ணில் தெரிந்துவிடும்.

கிழக்குக்கடல் | ஆகஸ்ட் 26, இரவு 8:55

ஐயா, அண்ணே, எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

கை ரேடியோ கிடைக்கவில்லை. பிரேக்கரை மட்டும் வைத்துப் பார்த்தேன். 6:20க்கு எங்கள் பின்வாசல் விளக்கின் பிரேக்கரை இறக்கினேன். கோடுகள் அத்தனையும் மறைந்தன. ஏற்றினேன், வந்தன. மூன்று தடவை. ஜூலையில் காவலாளிக்காக மாட்டிய எல்இடி விளக்கு, ஒளி உணரும் கண்ணோடு. மேற்குக் குழுவிலிருந்து 25 மீட்டர்கூட இல்லை. முதல்வரிடம் சொன்னேன். கோயிலுக்குக் கடிதம் இல்லை என்று முடிவாகிவிட்டது. விளக்கை மாற்றும் வரை பதிவு நடக்கும் இரவுகளில் காவலாளி டார்ச் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

இனி திமில். விகிதம் கிழக்கில் 2.8, மேற்கில் 1.4.

இன்று காலை மேற்குக் கம்பைனர் பெட்டியைத் திறந்தேன். கம்பைனருக்கும் எல்என்ஏவுக்கும் நடுவே உள்ள கனெக்டரைக் கழற்றியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. உள்ளே நடு ஊசி முழுக்கப் பச்சைக் களிம்பு. அந்த இணைப்பைப் புயல் காலத்துக்கு முன்னால் நானே சிலிக்கான் பூசி அடைத்திருந்தேன். நன்றாக அடைத்த இடத்தில் எப்படித் தண்ணீர் வந்தது?

கருங்கல் | ஆகஸ்ட் 26, இரவு 9:30

பூசும்போது காடி வாடை அடித்ததா அம்மா? குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் பெரும்பாலும் அந்த வகைதான். உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மின் இணைப்புக்கு வாடையில்லாத வகை தனியாக உண்டு.

தண்ணீர் வெளியிலிருந்து ஒழுகி வர வேண்டும் என்றில்லை. பகலில் பெட்டி சூடாகிக் காற்று வெளியே போகும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். நம் கிழக்குக் கரையில் இந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று கடல் உப்பையும் சேர்த்துக் கொண்டு வரும். உள்ளே போனது வெளியே வர வழி இல்லையென்றால் அங்கேயே தங்கும். பெட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை விடுங்கள், எறும்பு ஏறாதபடி மெல்லிய வலை ஒட்டி.

பச்சை பிடித்த கனெக்டரைச் சுரண்டி மறுபடி போடாதீர்கள். வெட்டி எறியுங்கள். கேபிளை ஒரு சாண் உள்ளே வெட்டிப் பாருங்கள், உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டுங்கள். புதுக் கனெக்டர் போட்டுத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை ஏந்திக்கொள்ளும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கொஞ்சம் தாழ வளைத்து விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஊட்டிக்குளிர் | ஆகஸ்ட் 27, காலை 6:40

ஐயா சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. பழுது பார்த்த பிறகு சூரியனைப் பாருங்கள். 60 மீட்டர் என்பது உங்கள் அலைநீளத்தில் சுமார் 30 மடங்கு. நண்பகலை ஒட்டி ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓர் அலை வர வேண்டும். அலையின் நேரம் சரியாக இருந்து உயரம் மட்டும் குறைந்தால் இழப்பு. நேரமே கெட்டால் கணினிக் கடிகாரத்தைப் பாருங்கள்.

இந்தத் திமில் விகிதத்தைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். 2008இல் தென்னாப்பிரிக்காவில் ஹார்ட்டபீஸ்ட்ஹூக் ஆய்வகத்தின் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கித் தட்டில் துருவ அச்சின் பேரிங் உடைந்து, மறுபடி வேலைக்கு வர 2010 ஆயிற்று. 1961இலிருந்து சுழன்ற தட்டு அது. பெரிய கருவியோ சின்னக் கருவியோ, தேய்மானம் மெதுவாகத்தான் வரும். மே மாதத்திலிருந்து உங்களிடம் தினசரி எண் இருந்திருந்தால் ஜூனிலேயே பிடித்திருப்பீர்கள்.

கிழக்குக்கடல் | ஆகஸ்ட் 30, இரவு 11:20

கேபிளில் இரண்டு சாண் வெட்ட வேண்டியதாயிற்று. அதுவரை பின்னல் கறுத்திருந்தது. புதுக் கனெக்டர், கீழிருந்து மேலாக டேப், அடியில் துளை.

நேற்று இரவின் உச்சம், இன்று விடியற்காலையின் தாழ்வு: கிழக்கில் 2.8, மேற்கில் 2.7. இன்று நண்பகல் சூரிய அலை மே மாத உயரத்துக்கே வந்துவிட்டது. மாணவர்கள் இரண்டு பேர் உடன் இருந்தார்கள். திமில் ஏறுவதைத் திரையில் காட்டி, இதுதான் பால்வெளியின் நடு என்றேன். ஒருத்தி வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள்.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. கிழக்குக் குழுவிலும் அதே காடி சிலிக்கான்தான் பூசியிருக்கிறேன். எண் நன்றாக இருக்கும்போது திறக்கலாமா, விட்டுவிடவா?

கருங்கல் | ஆகஸ்ட் 31, காலை 7:15

திறங்கள். ஆனால் இப்போதே வேண்டாம். மேற்கில் செய்தது இரண்டு மூன்று வாரம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அக்டோபரில் மழை இல்லாத ஒரு காலைப் பொழுதில் கிழக்கைத் திறந்து மாற்றிவிடுங்கள். நவம்பர் வந்தால் புயல் காலம், அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்க மனசு வராது. அன்றைக்கு என்னையும் கூப்பிடுங்கள், டேப் நான் கொண்டு வருகிறேன்.