கடைசி வரை இழுத்தும் ஐடிலுக்கு வராத த்ராட்டில்: கடலூர், புதுவை அன்பர்களின் அனுபவங்கள்

லாஸ்பேட்டையிலிருந்து:

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில், ஏ320 பயணிகள் விமானத்தின் டிடென்ட்கள் (இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லீவர் நிற்க வேண்டிய குறிப்பிட்ட நிலைகள்) எல்லாவற்றையும் அளந்து பதித்தாயிற்று என்று நான் நிம்மதியாக இருந்த ஒரு சனிக்கிழமை இரவில் இது நடந்தது. மூன்று வாரமாகியும் மனத்தை விட்டு அகலவில்லை. ஃப்ளைபைவயர் குழுவினர் சிமுலேட்டருக்காக உருவாக்கிய ஏ32என்எக்ஸ் விமானத்தை ஓட்டுபவர்களுக்கு, இவற்றைப் பதிக்கும் த்ராட்டில் பக்கம் பழக்கமானதுதான்: லீவரின் நகர்வு −1.00-இலிருந்து +1.00 வரை ஓடும், ஒவ்வொரு டிடென்ட்டுக்கும் ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் கொடுக்க வேண்டும். என்னுடைய லீவரில் ரிவர்ஸுக்கென்று (இறங்கியபின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பும் நிலை) தனி இடம் இல்லை. அதற்கு ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு, ஐடிலுக்கு (இயந்திரம் மிகக் குறைந்த விசையில் ஓடும் நிலை) −1.00 முதல் −0.97 வரை ஒதுக்கியிருந்தேன்.

இறங்கிய இடம் நம் ஊர் ஓடுபாதை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஏடிஆர் என்னும் சிறு விமானம் இறங்குவது தெரியும். அதன் நீளம் ஏறக்குறைய 1500 மீட்டர்தான், ஏ320-ஐக் கொண்டுபோய் இறக்குகிற இடமன்று என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொந்த ஊரில் இறங்கும் ஆசை யாரை விட்டது? 20 அடி உயரத்தில் விமானம் வழக்கம்போல் 'ரிடார்ட்' (லீவரைப் பின்னே இழு) என்றது. லீவரைக் கடைசி வரை இழுத்தேன். மீண்டும் 'ரிடார்ட்' என்றது. லீவர் உடைந்துவிடும் என்கிற அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறேன், அது மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அடுக்களையிலிருந்து அம்மா, "யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களேடா, என்னன்னுதான் கேளேன்" என்றார்.

சக்கரம் தரையைத் தொட்டது. தரை தொட்டதும் இறக்கையின் மேல் தானாக எழுந்து வேகத்தைக் குறைக்கும்படி ஸ்பாய்லர் தகடுகளை ஆர்ம் செய்துதான் வைத்திருந்தேன், ஆனால் ஒரு தகடும் எழவில்லை. ஏ320-இல் ஆட்டோபிரேக் பிடிப்பதே தரை ஸ்பாய்லர்கள் விரிய ஆரம்பித்த பிறகுதான் என்பதால், அதுவும் சும்மா இருந்துவிட்டது. நான் காலால் பிரேக்கைத் தேடுவதற்குள் ஓடுபாதை முடிந்து, புல்லும் முடிந்து, மதில் வந்துவிட்டது. பிறகு அந்தத் த்ராட்டில் பக்கத்தைத் திறந்து பார்த்தால், முழுவதும் இழுத்த நிலையிலும் லீவர் −0.95-இல் நிற்கிறது. ஐடிலின் மேலெல்லையை −0.90-க்கு நகர்த்தினேன், எல்லாம் சரியாயிற்று. ஒரு மாதத்துக்கு முன் −1.00 வரை தடையின்றிப் போன லீவர் இப்போது ஏன் −0.95-இல் நின்றுவிடுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடலூர் முதுநகரிலிருந்து:

எல்லையை நகர்த்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சுவரில் விழுந்த வெடிப்பின் மேல் காலண்டரை மாட்டிவிட்டு, வெடிப்பைக் காணவில்லை என்று சொல்வது போன்றது அது.

என் கதையைக் கேளுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது, என் த்ராட்டில் கடல் பக்கத்துச் சன்னலை ஒட்டிய மேசையில் இருந்தது. அதன் மேல் மழை நேராகப் படவில்லை. சாரலும் உப்புக்காற்றும் பட்டிருக்கும். மின்சாரம் வந்தபின் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொண்டு கடற்கரையோரமாகவே தெற்கே போனேன். 2000 அடியில், லீவரைத் தொடாமலேயே, இயந்திரம் ஒரு நொடி உச்சத்துக்கு உறுமிவிட்டுப் பழைய நிலைக்கு வந்தது. கற்பனையோ என்று நினைத்தேன். பத்து நொடியில் மறுபடியும் உறுமியது. சிமுலேட்டரை மூடிவிட்டு விண்டோஸின் கேம் கண்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, லீவரைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன். என் கருவி 0 முதல் 1023 வரை எண்ணுவது. 512, 511, 512 என்று அசைந்துகொண்டிருந்த எண் திடீரென 1023-க்குத் தாவி 510-க்குத் திரும்பியது. யாரும் தொடாத ஒரு லீவர் தன்னை முழுவதும் தள்ளிவிட்டதாகக் கணினியிடம் பொய் சொல்வதைக் கண்ணாலேயே பார்த்த நிமிடம் அது.

உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். தடத்தில் தூசியோ உப்போ படிந்தால் நாக்கு அந்தரத்தில் நிற்பது போலாகி, எண் துள்ளும். மின்தொடர்புகளைத் துடைக்கும் கிளீனரை அடித்து, லீவரை முப்பது முறை முன்னும் பின்னும் ஓட்டினேன். நான்கு மாதம் தாங்கியது, பிறகு பழைய கதைதான். இப்போது காந்தப்புலத்தை அளக்கிற ஹால் சென்சார் உள்ள கருவிக்கு மாறிவிட்டேன். அதில் உரசுவதற்கு எதுவும் இல்லை. லாஸ்பேட்டைக்காரரே, உங்கள் கோளாறும் இதுவேதான். எல்லையை நகர்த்தி மறைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

முதுநகர் அன்பரின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எண் துள்ளினாலே பொட்டென்ஷியோமீட்டர்தான் என்று நம்பி, ஒரு நல்ல த்ராட்டிலைப் பிரித்துப்போட்டுத் திருகாணி ஒன்றைத் தொலைத்தவன் நான்.

நேராக மேலேறும்போது என் விமானத்தில் ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம் சாய்த்தால் மட்டும் இயந்திரம் அடங்கிவிடும். சாய்த்தால் அடங்குகிற இயந்திரம் எங்கே உண்டு? எரிபொருள், கார்புரேட்டர், இன்னும் என்னென்னவோ படித்தேன். உண்மையில் நடந்தது வேறு. என் ஜாய்ஸ்டிக்கின் அடிப்பகுதியில் ஒரு சிறிய ஸ்லைடர் உண்டு. சிமுலேட்டர் அந்த ஜாய்ஸ்டிக்கைக் கண்டவுடன் தானாகவே ஒரு ப்ரொஃபைலைப் போட்டு, அந்த ஸ்லைடருக்கும் த்ராட்டில் வேலையைக் கொடுத்திருந்தது. தனியாக வாங்கிய த்ராட்டிலுக்கும் அதே வேலை. இரண்டில் எது கடைசியாக அசைந்ததோ அதன் பேச்சையே சிமுலேட்டர் கேட்கும். நான் இடப்பக்கம் சாய்க்கும்போதெல்லாம் மேசை சற்று அதிர்ந்து, ஸ்லைடரின் எண் ஒன்றே ஒன்று மாறியது; அதற்குள் சிமுலேட்டர் ஸ்லைடரின் நிலையான ஐடிலுக்கு இயந்திரத்தைக் கொண்டுபோய்விட்டது. ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டுத் த்ராட்டிலை மட்டும் வைத்துப் பார்த்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. ஸ்லைடருக்குத் த்ராட்டில் வேலையைக் கொடுத்த பைண்டிங்கை அழித்தேன். செலவு ஒன்றுமில்லை, அந்தத் திருகாணியைத் தவிர.

ஆகவே பிரிப்பதற்கு முன் பைண்டிங் பட்டியலைப் பாருங்கள் என்பதே என் கட்சி.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

அனல் மின் நிலையம் ஒன்றில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவம் மிகச் சிறியது. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கை மலிவாக வாங்கி வந்து, அதன் செருகி 15 முள் கொண்ட கேம்போர்ட் வகை என்பதையும், அதற்கான துளை என் கணினியில் இல்லை என்பதையும் வீட்டுக்கு வந்தபின் கண்டறிந்தேன். பறக்க உதவாத அதைப் பிரித்து அளந்துகொண்டிருந்தபோது கற்றவற்றைத்தான் கீழே எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.

முத்தியால்பேட்டை அன்பரே, நீங்கள் சொல்வது உங்கள் நோய்க்குச் சரி, லாஸ்பேட்டைத் தம்பியின் நோய்க்கு அது பொருந்தாது. இரு பைண்டிங்குகள் மோதினால் சிமுலேட்டருக்குள் குழப்பம் வரும். த்ராட்டில் பக்கத்தில் அந்த லீவருக்கென்று காட்டும் எண் அதனால் −0.95-இல் அசையாமல் நிற்காது. முதுநகர் அன்பரே, உங்களுடையது தடத்தின் நடுவில் விழுந்த அழுக்கு; அது துள்ளும். தம்பியுடையது துள்ளவில்லை, ஓரத்தில் மட்டும் குறைகிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று கால்கள். ஓரக்கால்கள் இரண்டில் ஒன்றில் மின்னழுத்தம், மற்றதில் தரை, நடுக்காலில் நாம் படிக்கும் அளவு. லீவரைக் கடைசி வரை இழுத்தால் நடுக்கால் தரைக்காலோடு சேர்ந்து சுழியத்தைக் காட்ட வேண்டும். தரைக்காலின் பற்றாசிலோ செருகியிலோ பச்சைக் களிம்பு படிந்து 250 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 ஓம் தடமாக இருந்தால், அளவு ஒருபோதும் 2.4 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. −1.00 முதல் +1.00 வரையுள்ள மொத்த வீச்சு 2 என்பதால், அந்த 2.4 விழுக்காடு ஏறக்குறைய 0.05 ஆகும். ஒன்றிலிருந்து 0.05 போனால் 0.95. தம்பி, உங்கள் எண் எனக்கு அப்போதே இதைத்தான் சொன்னது. கருவியைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, லீவரை முழுவதும் இழுத்த நிலையில், செருகிக்கு அப்பாலுள்ள சர்க்யூட் பலகையின் தரைப்புள்ளியிலிருந்து நடுக்கால் வரை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஓரிரு பத்து ஓமுக்குமேல் காட்டினால் செருகியைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயை மட்டும் உள்ளே விடாதீர்கள். அது தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

இன்னொன்று. டெட்சோனைக் (சிறு அசைவைக் கணினி கண்டுகொள்ளாத இடைவெளியை) கூட்டுவது ஜாய்ஸ்டிக்கின் நடுநிலை நடுக்கத்துக்கு மருந்து. த்ராட்டிலின் ஓரக் குறைபாட்டுக்கு அதைப் போட்டால், நடுவில் ஒரு செத்த இடம் உண்டாகுமே ஒழிய, ஓரம் ஓரமாகவே இருக்கும். யுஎஸ்பி துளைகளையும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். சில சிமுலேட்டர்கள் வேறு துளையில் செருகியதை வேறு கருவியென்று எண்ணி, பதித்த பைண்டிங்கை எல்லாம் விட்டுவிடும். நான் என் பேரனின் கணினியில் ஒவ்வொரு துளைக்கு மேலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியே வைத்திருக்கிறேன். பறந்துகொண்டிருக்கும்போது கருவி காணாமல் போகிறது என்பவர்கள், யுஎஸ்பியை உறங்கவைக்கும் மின்சிக்கன அமைப்பை விண்டோஸில் நிறுத்திப் பார்க்கலாம்.

கடலூர் செம்மண்டலத்திலிருந்து:

த்ராட்டில் பற்றியன்று, த்ராட்டிலின் மேல் இருக்கும் சுவிட்சு பற்றி ஒரு சிறு செய்தி. மேல், கீழ் என இரு நிலையில் நிற்கும் சுவிட்சை, சக்கரங்களை ஏற்றி இறக்கும் லேண்டிங் கியருக்குப் பதித்தபோது, 'மாற்று' என்னும் ஒரே கட்டளையை இரு நிலைக்கும் கொடுத்துவிட்டேன். தரையில் கியர் கீழே இருக்கிறது. சுவிட்சோ முந்தைய நாள் விட்டபடி மேலே இருந்தது. எழும்பியவுடன் சுவிட்சைக் கீழே தட்டினேன், கியர் மேலே போயிற்று. ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கும்போது சுவிட்சைப் பார்த்தேன், கீழே இருந்தது, கியர் இறங்கியிருக்கிறது என்று நம்பி, வயிற்றாலேயே இறங்கினேன். 'மேலே' என்னும் கட்டளையையும் 'கீழே' என்னும் கட்டளையையும் இரு நிலைக்கும் தனித்தனியாகப் பதித்தபின் இந்தத் தொல்லை இல்லை.

முதுநகரிலிருந்து, மீண்டும்:

பெரியவரின் கணக்குக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் செருகியில் களிம்பு பிடிக்கிற ஊரில் தடத்தில் மட்டும் அழுக்குப் படியாது என்பதற்கு என்ன உறுதி? இன்று ஓரம் குறைந்தால் நாளை நடுவில் துள்ளும்.

லாஸ்பேட்டையிலிருந்து, மீண்டும்:

ஐயா சொன்னபடியே நேற்று பிரித்தேன். அளந்தபோது 230 ஓம் காட்டியது. மூன்று கம்பிகள் போய்ச் சேரும் வெள்ளைச் செருகியில், கறுப்புக் கம்பியின் முள்ளில் மட்டும் பழைய செம்புக் குடத்தின் அடியில் இருப்பதுபோல் ஒரு பச்சை. தேய்த்து உலர்த்தி மாட்டியபின் 8 ஓம். மூடியைப் பூட்டுவதற்கு முன்பே கணினியில் செருகிப் பார்த்தேன். முழுவதும் இழுத்தால் −0.99 வரை வந்தது, எங்கும் துள்ளவில்லை. பைண்டிங் பட்டியலையும் முத்தியால்பேட்டை அன்பருக்காகப் பார்த்துவிட்டேன். அதில் குழப்பம் ஏதுமில்லை. ஐடிலின் மேலெல்லையை −0.90-இலிருந்து −0.95-க்குக் கொண்டுவந்தேன், முன்பு வைத்திருந்த −0.97-க்குத் திரும்ப மனம் துணியவில்லை.

இரவு அதே ஓடுபாதைக்கு, இம்முறை எரிபொருளைக் குறைத்து, ஆட்டோபிரேக்கை மீடியத்தில் வைத்து இறங்கினேன். இழுத்த உடனே குரல் நின்றது, தகடுகள் எழுந்தன, தலை முன்னே சாய்கிற அளவுக்குப் பிரேக் பிடித்தது. ஓடுபாதையின் கடைசியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அடுக்களையிலிருந்து, "இன்னைக்கு ஒரே தடவையோட விட்டுட்டாங்களா?" என்று கேட்டார் அம்மா.

முதுநகர் அன்பருக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: இன்று காலை மழை பெய்துகொண்டிருந்தபோது பார்த்தேன், எண் −0.98.