முக்கால் மணி நேரத்துல காலாப்பட்டா?

கெடிலக்கரை: நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார், "கடலூர்லேர்ந்து காலாப்பட்டுல இருக்குற பாண்டிச்சேரி யூனிவர்சிட்டிக்கு முக்கால் மணி நேரம்தான். இதுக்கே ஆன்லைன் கிளாஸ் கேக்குறது சோம்பேறித்தனம்"னு. சார், எந்த பஸ்ல போனீங்க? ரெண்டு வருஷமா தினம் போறேன். ஏழு மணிக்கு ஏறினா ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு நின்னு நின்னு மரப்பாலம் வரவே எட்டு தாண்டிடும். பாண்டி ஸ்டாண்டுல இறங்கி இன்னொரு பஸ் புடிக்கணும். வாரத்துல ரெண்டு நாள் தியரியை ஆன்லைன்ல வைங்கன்னா சோம்பேறியா?

பழைய மாணவன் 98: நான்தான் எழுதினேன். சொன்னது சொன்னதுதான். 1998ல தினமும் முக்கால் மணி நேரத்துல போய்ச் சேர்ந்தவன் நான்.

கெடிலக்கரை: பஸ்லயா?

பழைய மாணவன் 98: பைக்ல.

கெடிலக்கரை: அப்படிப் போடுங்க! பஸ்ல போறவன்கிட்ட பைக் கணக்கு சொல்லி சோம்பேறிப் பட்டம் வேற.

வேதியியல்காரி: பஸ் சண்டையை விடுங்க. நான் 2020ல காலேஜ் சேர்ந்தவ. முதல் வருஷ லேப் முழுக்க வீடியோதான். ரெண்டாவது வருஷம் முதல் தடவையா பியூரெட்டை, அதான் கரைசலை அளந்து விடுற கண்ணாடிக் குழாயைத் தொட்டேன். கடைசியில சொட்டுச் சொட்டா விடணும்னு கைக்குத் தெரியல, லேசா ரோஸ் ஆக வேண்டிய குடுவை ஒரேயடியா அடர் ரோஸ் ஆயிடுச்சு. எனக்கு நேர்லதான் வேணும்.

கெடிலக்கரை: லேப்பை யாரு கேட்டா? தியரின்னுதானே எழுதியிருக்கேன்? 2021ல பல்கலைக்கழக மானியக் குழுவே (யுஜிசி) 40 சதவீதம் ஆன்லைன், 60 சதவீதம் நேர்லன்னு வரைவு விட்டுச்சு.

பாடம் எடுப்பவள்: அந்த 40ஐ நடத்துறது நாங்க, தம்பி. பாதிப் பேர் வகுப்புல, பாதிப் பேர் லேப்டாப்லன்னு ஒரே நேரத்துல எடுத்திருக்கேன். போர்டுல எழுதினா அங்கேர்ந்து "தெரியல மேடம்". லேப்டாப் பக்கம் திரும்பினா கடைசி பெஞ்சு தூங்குது. ரெண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்ய முடியல.

முத்தியால்பேட்டை: அவ்ளோ கஷ்டப்பட்டு கடலூர்க்காரங்க ஏன் எங்க பாண்டிக்கு வரீங்க? சிதம்பரத்துல அண்ணாமலை யூனிவர்சிட்டி இருக்கே.

கெடிலக்கரை: எங்க ஊர்லேர்ந்து சிதம்பரம் இதைவிட தூரம். மேப் பாத்துட்டுப் பேசுங்க. நீங்க காலாப்பட்டு போறதே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வழியாத்தான். அது தமிழ்நாடு. நாங்க ஏன்னு கேட்டோமா?

முத்தியால்பேட்டை: ரோடு பொது. சீட்டு பொது இல்ல.

கெடிலக்கரை: மார்க் எடுத்து வாங்கின சீட்டு. உங்க வீட்லேர்ந்து எடுத்துக் குடுக்கல.

தேவனாம்பட்டினம்: நானும் கடலூர்தான், ஆனா ஆன்லைன் வேணாம். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல. தென்பெண்ணைத் தண்ணி ஊருக்குள்ள. அப்ப எங்க காலேஜ் ஆன்லைன்ல வகுப்பு வச்சு வராதவங்களுக்கு ஆப்சென்ட் போட்டுச்சு. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போயி, எங்கப்பா வந்து கெஞ்சினப்புறம்தான் ஹால் டிக்கெட் குடுத்தாங்க. அவர் அங்க கையைக் கட்டிட்டு நின்னதை என்னால மறக்க முடியாது.

கெடிலக்கரை: அது காலேஜ் தப்பு, ஆன்லைன் தப்பில்ல. 98 அண்ணே, எங்க போனீங்க? முக்கால் மணிக்கு இன்னும் பதில் வரல.

பழைய மாணவன் 98: ஈசிஆர்ல நேரா விட்டா இன்னிக்கும் முக்கால் மணிதான்.

கெடிலக்கரை: நாளைக்கு ஏழு மணிக்கு திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டுக்கு வாங்க. டிக்கெட் நான் எடுக்குறேன்.

பழைய மாணவன் 98: ஞாயித்துக்கிழமை வரேன்.

கெடிலக்கரை: ஞாயித்துக்கிழமை ரோடு காலியா இருக்கும். திங்கக்கிழமை வாங்க.