கோவை கேம் கடையில் டி அண்ட் டி: தனி ஆளாகப் போய் உட்காரலாமா?

பாரியூர்க்காரன்:

வணக்கமுங்க. கோவையில் ஒரு போர்டு கேம் கடையில் ஞாயிறு மதியம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி டைஸ் உருட்டிச் சேர்ந்து கதை நடத்துகிற ஆட்டம்) ஆடுகிறார்கள், புதியவர்களும் வரலாம் என்று போஸ்டர் பார்த்தேன். நான் இருப்பது கோபியில். மற்றவர்கள் ஆடுவதை யூடியூபில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்திருக்கிறேனே தவிர ஒரு தடவைகூட டேபிளில் உட்கார்ந்ததில்லை, கூட ஆட இங்கே ஆளும் இல்லை. இங்கிலீஷ் படித்தால் புரியும், சட்டென்று பேச வராது. அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஐடி ஆட்கள், காலேஜ் பசங்களாக இருந்து முழுக்க இங்கிலீஷிலேயே ஓடினால் நான் என்ன செய்வது? அப்புறம் நடிப்பு. வீடியோவில் குரலை மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள், எனக்கு அது வரவே வராது. விதிப் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டுத்தான் போக வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு டிஎம்:

தாராளமாக வாங்க. புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், விலை அதிகம், முதல் நாளுக்குத் தேவையும் இல்லை. நான் கடை டேபிள்களில் டிஎம்மாக (டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர்) உட்காருகிறவன். புதியவர்களைக் கூப்பிடும் நாளில் பெரும்பாலும் ஒன் ஷாட்தான் ஓட்டுவோம், மூன்று நாலு மணி நேரத்தில் கதை தொடங்கி முடிந்துவிடும், ஒரு டேபிளுக்கு நாலைந்து பேர், உங்கள் ஆளின் திறமைகளும் எண்களும் உள்ள கேரக்டர் ஷீட்டை நாங்களே எழுதி வைத்திருப்போம், டைஸும் கொடுப்போம்.

விதியில் அடிப்படை ஒன்றுதான். உங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று நீங்கள் சொல்லுங்கள். அது நடக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் மட்டும் இருபது முக டைஸை உருட்டி, ஷீட்டில் உள்ள எண்ணைக் கூட்டி, எட்ட வேண்டிய எண்ணை எட்டியதா என்று பார்ப்போம். முதல் லெவல் ஃபைட்டருக்கு (சண்டை வீரன்) பலம் 16 என்று வையுங்கள். அதற்கு 3, பயிற்சிக்கு 2, ஆக வாள் வீசும்போது 5 கூடும். 2014-இல் வந்த விதிப் புத்தகப்படி கோப்ளின் என்கிற குட்டி அரக்கனின் ஏசி (ஆர்மர் கிளாஸ், அவனை அடிக்க எட்ட வேண்டிய எண்) 15, டைஸில் 10 விழுந்தாலே அடி பட்டுவிடும். இவ்வளவு தெரிந்தால் உட்காரலாம், மற்றதெல்லாம் ஆட ஆட வரும். மந்திரவாதி ஷீட்டை மட்டும் முதல் நாள் எடுக்காதீர்கள், ஸ்பெல் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

குரல் மாற்றச் சொல்லி எந்த விதியும் இல்லை. "என் ஆள் காவல்காரனிடம் தன்னை மாட்டு வியாபாரி என்று சொல்லி உள்ளே போகப் பார்க்கிறான்" என்றால் போதும், உருட்டுங்க என்று சொல்லிவிடுவேன். அடுத்தவர் முறை வரும்போது போனை எடுக்காமல் கவனிக்கிற ஆள்தான் எனக்கு வேண்டும்.

ஆனைமலை அக்கா:

மந்திரவாதி விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லைங்க அண்ணா. கோபியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வருகிற தம்பி ஆசைப்பட்டதை எடுக்கட்டுமே. முதல் லெவலில் இருப்பதே இரண்டு ஸ்பெல் ஸ்லாட் (பெரிய மந்திரம் போடும் வாய்ப்பு), மீதி நேரம் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடக்கூடிய சின்ன மந்திரமான கேன்ட்ரிப்தான், பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தால் முடிந்தது.

மொழிக்குப் பயப்படாதீங்க தம்பி. நான் ஆடும் டேபிளில் விதிச் சொல் மட்டும் இங்கிலீஷ், "பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) போடுங்க", "இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை முதலில்) சொல்லுங்க" என்றுதான் பேச்சு போகும். பாலக்காட்டுப் பக்கத்து ஆட்களோ வடக்கத்தி ஆட்களோ இருந்தால் இங்கிலீஷ் கூடுதலாகக் கலக்கும். போனதுமே டிஎம்மிடம் "நான் புதுசுங்க, தமிழில்தான் பேசுவேன்" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு டேபிள் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. ஒரு கடையில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் என் கேரக்டர் என்ன செய்யும் என்பதைக்கூட பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு முடிவு செய்தார்கள், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நல்ல டிஎம் தொடங்கும் முன்பே கதையில் என்னென்ன வரக்கூடாது என்று எல்லோரிடமும் கேட்பார். சில டேபிளில் எக்ஸ் போட்ட அட்டை ஒன்று நடுவில் இருக்கும், யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிப் போக வேண்டும். இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சென்னிமலை:

கோவைக்குப் போய் ஆடிப் பழகுங்கள், ஆனால் கோபியில் ஆள் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2023 ஜனவரியில் டி அண்ட் டியின் எஸ்ஆர்டி 5.1 என்கிற அடிப்படை விதித்தொகுப்பை, யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதன் கம்பெனியே வெளியிட்டுவிட்டது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டுத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடவும் செய்யலாம். இதை யாராவது முழுசாகச் செய்தே ஆக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாங்கள் வீட்டில் முழுக்கத் தமிழில்தான் ஆடுகிறோம். கதைக்களம் பழங்காலக் கொடுமணல். நொய்யல் கரையில் கல்மணி பட்டறையும் இரும்பு உலையும் இருந்த ஊர், படியூர் பச்சைக்கல், பாலக்காட்டுக் கணவாய் வழியாக சேரர் துறைமுகமான முசிறிக்குப் போகிற வணிகச் சாத்து (வியாபாரிகள் கூட்டம்), காவலுக்குப் போகிறவர்கள் நம் ஆட்கள். டிராகன் இல்லாமலே செஷன் செஷனாக ஓடுகிறது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கதை கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, அண்ணமார் கதையை உடுக்கையடித்துப் பாடினால் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்கள். பொன்னரும் சங்கரும் என்ன ஆவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் முன்பே தெரியும், இங்கே டிஎம்முக்கே தெரியாது. எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அதுதான்.

பாரியூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. ஞாயிறு போகிறேன். அக்கா சொன்னபடி மந்திரவாதியே எடுக்கிறேன், டிஎம் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். சென்னிமலை அண்ணா, உங்கள் டேபிளில் இடம் இருக்குங்களா?

சென்னிமலை:

இருக்குங்க தம்பி, எங்களிடம் மந்திரவாதியும் இல்லை. தைப்பூசத் தேர் முடியட்டும், அதுவரைக்கும் இங்கே யாரையும் உட்கார வைக்க முடியாது. அப்புறம் தனிச் செய்தியில் நேரம் சொல்கிறேன்.