புதுப்பிப்பு: பறவை மலேரியா பரவலுக்கான என் கணித மாதிரியில் விட்டுப்போனது என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன்

போன இழையில், ஹவாய் ஹனிகிரீப்பர் பறவைகளுக்காக எழுதிய என் மாதிரியில் குளிரான மலை உச்சியிலும் மலேரியா ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கேட்டிருந்தேன். நோயுள்ள பறவையைக் கடித்த கொசு அந்த நிமிடமே நோயைப் பரப்பும் என்று சமன்பாட்டை எழுதிவிட்டேன், அதுதான் தவறு.

ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர நாட்கள் ஆகும். தினமும் 90% கொசுக்கள் பிழைக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த வளர்ச்சிக்கு 10 நாள் ஆகும்போது சுமார் 35% கொசுக்கள் மிஞ்சும், அதுவே 20 நாள் ஆனால் வெறும் 12%. குளிரில் இந்தக் காலம் நீண்டுகொண்டே போய், ஏறக்குறைய 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே வளர்ச்சியே நின்றுவிடுகிறது.

சரி, தாமதத்தைச் சேர்த்து ஓட்டினேன், உச்சியில் தொற்று தானாகவே அடங்கிவிட்டது. அப்புறம் வெப்பநிலையை 2 டிகிரி கூட்டிப் பார்த்தேன். குளிரால் மலேரியா பரவாத பாதுகாப்பான பகுதி மளமளவென்று சுருங்குகிறது. மலையில் அதற்கு மேல் ஏற இடமில்லாத பறவைகள் அவை, பார்க்கவே மனசு கனத்துப் போனது.

அடுத்து, கொசு கடிக்கும் வேகத்தையும் வெப்பநிலையோடு இணைக்கப் போகிறேன்.