முதல் கமர்ஷியல் வேலை: 30 கண்ணாடி பாட்டில், கையில் ஒரே ஒரு ஃபிளாஷ்

புதுலென்ஸ்:
வணக்கம். இதுவரை காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்ததில்லை. இப்போது ஒரு சிறிய நிறுவனம் முகத்துக்குப் பூசும் எண்ணெய் பாட்டில்கள் 30 வகையை எடுத்துத் தரக் கேட்கிறது. பழுப்புக் கண்ணாடி, காகித லேபிள், கண்ணாடி மாதிரி பளபளக்கும் உலோக மூடி. வெள்ளைப் பின்னணியில் பாட்டிலுக்கு ஒரு படம், கூடவே 5 குரூப் படம். "ஒரு நாளுக்கு எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட், ஒரு ஃபிளாஷ், அதைக் கேமராவிலிருந்து இயக்கும் டிரிகர் இருக்கிறது. இது போதுமா? கொட்டேஷனில் என்னென்ன எழுத வேண்டும்?

மூன்றுகால்:
அவர்கள் நாள்கணக்கில் கேட்டாலும் நீங்கள் படக்கணக்கில் யோசியுங்கள். பாட்டிலுக்கு 12 நிமிடம் வைத்தால் 30 பாட்டிலுக்கு 6 மணி நேரம். லைட் அமைக்க 2 மணி நேரம். குரூப் படம் ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் ஐந்துக்கும் 3 மணி 20 நிமிடம். ஷூட்டே இரண்டு நாள் ஆகிவிட்டது. ரீடச்சிங் (எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் செப்பனிடுவது) பாட்டிலுக்கு 20 நிமிடம், குரூப்புக்கு ஒரு மணி நேரம்: மொத்தம் 15 மணி நேரம், அது இன்னும் இரண்டு நாள். முன்னோட்டமாக எடுத்துப் பார்க்க அரை நாள். ஒரு நாள் என்று அவர்கள் நினைக்கும் வேலை உங்களுக்கு நாலரை நாள்.

நாள் கூலிக்கு: ஒரு வருடத்துச் செலவு (கேமரா தேய்மானம், கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், இன்சூரன்ஸ், பயணம், வரி), அதோடு உங்களுக்கு வேண்டிய சம்பளம். இரண்டையும் கூட்டி, காசு வரும் நாள்களால் வகுக்க வேண்டும். 300-ஆல் வகுக்காதீர்கள். பேரம், எடிட்டிங், பில் துரத்துவது எல்லாம் போக மிஞ்சுவது அதில் ஒரு பங்குதான். 100 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எண் கொஞ்சம் பயமுறுத்தும். அதுதான் உண்மையான எண்.

இதற்கு மேல் பயன்பாட்டு உரிமை. எந்த ஊடகம், எந்தப் பகுதி, எத்தனை காலம் என்ற மூன்றையும் எழுதுங்கள். வெப்சைட், சமூக ஊடகம் ஒரு விலை. அதே படம் அட்டைப்பெட்டியிலோ பெரிய பேனரிலோ போனால் வேறு விலை. காப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 1988 சட்டப்படி படம் எடுத்தவருக்கு. இந்தியாவின் 1957 சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த "வேறு ஒப்பந்தம்" உங்கள் கொட்டேஷனிலேயே இருந்து இருவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

மீதி வரிகள்: படங்களின் எண்ணிக்கை, ரீடச்சிங் என்றால் எது (தூசி, கீறல், லேபிள் நேராக்குவது வரை, நிறம் மாற்றுவது தனி), திருத்தம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரே பட்டியலாக, 50% அட்வான்ஸ், மீதி வந்த பிறகு முழு அளவு ஃபைல். லேபிள் டிசைன் மாறி மறுபடி எடுக்கச் சொன்னால் அது புது வேலை. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

கறுப்பட்டை:
லைட் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு ஃபிளாஷால் முடியும். கேமராவை அசைக்காமல் பின்னணிக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று என்று மூன்று ஃபிரேம் எடுத்து ஒட்ட வேண்டும். 30 பாட்டிலுக்கு 90 ஃபிரேம். அந்த எடிட்டிங் நேரத்தைவிட இன்னும் இரண்டு ஃபிளாஷை வாடகைக்கு எடுப்பது மலிவு. செலவைக் கொட்டேஷனில் சேருங்கள்.

பாட்டிலுக்கும் பின்னணிக்கும் நடுவே 1.5 மீட்டராவது விடுங்கள். பின்னணி வெளிச்சம் லேபிளைவிட ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) கூட இருந்தால் போதும். இரண்டு, மூன்று என்று ஏற்றினால் வெள்ளை பாட்டிலின் ஓரத்தைத் தின்றுவிடும், லென்ஸில் மூட்டம் படரும். ஓரம் கரையாமல் இருக்க, ஃபிரேமுக்கு வெளியே இரண்டு பக்கமும் கறுப்பு அட்டைப் பட்டை நிறுத்துங்கள். கண்ணாடியின் ஓரம் அந்தக் கறுப்பை வாங்கிக் கோடு போட்ட மாதிரி வரும்.

பக்க வெளிச்சம்: பாட்டிலிலிருந்து 25 செ.மீ. தள்ளி டிரேசிங் பேப்பர், அதற்குப் பின்னால் 50 செ.மீ. தள்ளி ஃபிளாஷ். ஃபிளாஷைப் பேப்பருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் கண்ணாடிமேல் விழும் பளபளப்பு நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெல்ல மங்கும். தூரத் தள்ளினால் ஒரே சீரான பட்டையாகும். சாஃப்ட்பாக்ஸில் (ஃபிளாஷில் மாட்டும் துணிப் பெட்டி) இந்தக் கட்டுப்பாடு கிடைக்காது.

பழுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வராவிட்டால் கறுப்பாகத் தெரியும். பாட்டில் வடிவத்தைவிடச் சற்றுச் சிறிதாக வெள்ளை அட்டை வெட்டிப் பின்னால் சாய்த்து வையுங்கள், எண்ணெய் தேன் நிறத்தில் ஒளிரும்.

மூடியின் பளபளப்பை, லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெற்று உலோகத்தின் பிரதிபலிப்பில் அது வேலை செய்யாது. கண்ணாடி, லேபிள் மினுக்கத்துக்குத்தான் உதவும், அதுவும் குறிப்பிட்ட கோணத்தில். மூடியில் தெரிவது அறைதான். அறைக்குப் பதில் டிரேசிங் பேப்பர் தெரியும்படி சுற்றி மறையுங்கள்.

கேமராவில் மேனுவல், ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/125 விநாடி. ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள், முழுக் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் அறை விளக்கு உள்ளே நுழைகிறது, நிறம் கெடும். கூர்மைக்காக எஃப் 22-க்குப் போகாதீர்கள். துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விலகிப் பரவும் (டிஃப்ராக்ஷன்), படம் மழுங்கத்தான் செய்யும்.

புதுலென்ஸ்:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பாட்டிலுக்கு 12 நிமிடம் நடக்கிற காரியமா? ரா ஃபைலையும் (கேமரா பதிவுசெய்த, எடிட் செய்யாத மூல ஃபைல்) கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

தூசிதட்டி:
12 நிமிஷம் நடக்கும், பாட்டில் சுத்தமா வந்தா. வகைக்கு மூணு பாட்டில் கேளுங்க, தனியா லேபிளும் கேளுங்க. ஒட்டுனதுல பாதி கோணலா இருக்கும். பருத்திக் கையுறை, மைக்ரோஃபைபர் துணி, தூசி ஊதுற புளோயர் வச்சுக்குங்க. ஒரு விரல் ரேகையைத் துடைக்க அஞ்சு விநாடி, எடிட்டிங்ல அஞ்சு நிமிஷம்.

ஒரே உயரப் பாட்டிலை ஒண்ணா வரிசைப்படுத்துங்க, லைட்டை அடிக்கடி நகர்த்த வேண்டாம். மேசைல டேப்பை 'எல்' மாதிரி ஒட்டினா ஒவ்வொரு பாட்டிலும் அதே இடத்துல நிக்கும். லைட் மாத்துன ஒவ்வொரு தடவையும் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கிற சாம்பல் அட்டை) ஒரு ஷாட். ஃபிளாஷை 1/4 பவர்ல வைங்க. ஃபுல் பவர்ல தொடர்ந்து அடிச்சா சூடாகி நின்னுடும், சார்ஜ் ஏறுறதுக்குள்ள அமுக்கினா அந்த ஃபிரேம் மட்டும் இருட்டும். பேட்டரி ரெண்டு செட்.

ஃபைல் பேர்ல அவங்க பொருள் கோடு இருக்கட்டும். வெப்புக்கு எஸ்ஆர்ஜிபி (திரைக்கான நிற அமைப்பு) ஜேபெக். அமேசான்ல போடுறதா இருந்தா முதன்மைப் படத்துப் பின்னணி சுத்தமா 255, 255, 255 (முழு வெள்ளை) இருக்கணும், பொருள் ஃபிரேம்ல 85% நிறையணும். அச்சுக்கு ஏ4 முழுப்பக்கம்னா 300 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 2480 × 3508 பிக்சல். உங்க கேமராவுல 6000 × 4000 வரும், தாராளம். ஆனா பாட்டிலைச் சின்னதா எடுத்துட்டுக் கிராப் பண்ணினா அந்தக் கணக்கு நிக்காது.

ராவைக் கொடுக்கலாம், தனி விலைக்கு.

மூன்றுகால்:
இதில் மட்டும் தூசிதட்டியோடு உடன்பாடில்லை. உங்கள் ராவை வேறொருவர் மோசமாக எடிட் செய்தாலும் வேலை உங்கள் பெயரில்தான் பேசப்படும். ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் தேவைப்படுவது பின்னணி நீக்கிய பிஎன்ஜி அல்லது லேயரோடு கூடிய ஃபைல்தான். அதை விலைப்பட்டியலில் சேருங்கள்.

தேதி குறிக்கும் முன் ஒரே ஒரு பாட்டிலை வரவழைத்து, முழுதாக எடுத்து, ரீடச் செய்து அனுப்புங்கள். "மீதி 29-ம் இதே மாதிரி" என்று மெயிலில் பதில் வந்த பிறகு ஃபிளாஷ் வாடகைக்குச் சொல்லுங்கள்.