முகவாய்க்குச் சிலிகான்: கிளிப் போட்டால் சரி, இதற்கு மட்டும் ஏன் முகச்சுளிப்பு?

கோரையாறு:
பல் எத்தலாக இருந்தால் பள்ளிக்கூட வயதிலேயே கிளிப் போட்டு இழுக்கிறோம். அதற்குப் பணம் கட்டும் அப்பாவை யாரும் ஊதாரி என்று சொல்வதில்லை. எனக்கும் மேல்வரிசையில் இரண்டு பல்லைப் பிடுங்கிக் கிளிப் போட்டார்கள். "இப்பதான் முகம் லட்சணமா இருக்கு" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். கண்ணாடியைத் தூக்கிப்போட லேசர் செய்துகொண்டாலும் வாழ்த்துதான். ஆனால் முகவாய் உள்வாங்கி இருக்கிறது, அங்கே ஒரு சிலிகான் துண்டு வைத்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் வீட்டில் தொடங்கி அலுவலகம் வரை ஒரே கேள்வி: "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?"

வயது 27. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் கீழுதட்டிலிருந்து கழுத்துக்கு ஒரே சரிவு. ஒல்லியாக இருந்தும் இரட்டைத் தாடை. சென்னையில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். முகவாய்க்கு அடியில் சின்னக் கீறல், ஒரு மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்றார்கள். இதில் என்ன தப்பு? காரணம் இருப்பவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம்.

சும்மா_இரு:
காரணம்தானே தம்பி? உன் முகவாயில் குறை என்று உனக்குச் சொன்னது யார்? உன் போன். செல்ஃபி முகத்தை எப்படிக் கோணலாக்குகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 12 அங்குல தூரத்தில் எடுத்தால் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும். 5 அடி தள்ளி எடுத்தால் அந்தக் கோளாறு இல்லை. மூக்கு பெருத்தால் அதன் கீழே இருப்பது சிறுத்துத்தானே தெரியும்?

2011ல் அமெரிக்காவில் முகவாய் அறுவை ஒரே வருஷத்தில் 71 சதவீதம் கூடியது. அங்குள்ள பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கமே சொன்ன காரணங்களில் ஒன்று வீடியோ அழைப்பு. கேமரா வந்ததும் நோய் வந்துவிட்டது. உன் தாத்தாவுக்கும் இதே முகவாய்தான் இருந்திருக்கும், அவர் மீசையைத் தடவிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போயிருப்பார்.

கொள்ளிடக்கரை:
அண்ணே, அவர் சொல்வது பக்கவாட்டு முகம். செல்ஃபியில் பக்கவாட்டு எங்கே தெரிகிறது? கல்யாண வீடியோவில்தான் தெரியும், அதை எடுப்பவர் பத்தடி தள்ளி நிற்கிறார். தாத்தா நிம்மதியாக இருந்தாரா என்று தாத்தாவைத்தான் கேட்க வேண்டும்.

நான் வைத்துக்கொண்டவள். சில வருஷம் ஆகிவிட்டது. முதல் வாரம் வீக்கத்தில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கீழுதடு மரத்துப்போய், காபி குடித்தால் ஓரத்தில் வழிவதுகூடத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு திரும்பியது. இப்போது அது உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. நானாகச் சொன்ன பிறகுதான் என் நாத்தனாருக்கே தெரியும். தைரியமாகச் செய்யுங்கள்.

எக்ஸ்ரே_கண்:
வாய், முகம், தாடை அறுவைப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன். வைக்கலாமா கூடாதா என்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்களா?

உள்வாங்கிய முகவாய் எல்லாம் ஒரே ரகம் இல்லை. கீழ்த்தாடை சரியான அளவில் இருந்து, நுனி எலும்பு மட்டும் சின்னதாக இருப்பது ஒன்று. கீழ்த்தாடையே மொத்தமாகப் பின்தங்கி இருப்பது இன்னொன்று. இரண்டும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டாவது வகையில் பற்களின் கடி பொருந்தாமல் இருக்கும், நாக்கும் பின்னால் தள்ளி உட்காரும், சிலருக்குக் குறட்டை, தூக்கத்தில் மூச்சடைப்பு வரை போகும். அவர்களுக்கு நுனியில் சிலிகானை வைத்தால் பக்கவாட்டு முகம் சரியாகிவிடும், பிரச்சினை அப்படியே உள்ளே இருக்கும். செஃபலோகிராம் என்று ஒரு படம் எடுத்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும், அதற்குப் பெரிய செலவும் இல்லை. அதை எடுக்காமல் இம்ப்ளான்ட் சைஸ் பேசும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் "பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்." பாதி உண்மை. சிலிகானைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டும், சிலிகானோடு ஒட்டாது. அதனால் உருவிவிடலாம். ஆனால் அது எலும்பை அழுத்திக்கொண்டே இருக்கும், கிணற்றுக் கல்லில் கயிறு தடம் போடுவது போல. இம்ப்ளான்டுக்கு அடியில் எலும்பு கரைவதை 1969லேயே எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் ஓரளவோடு நின்றுவிடும். ஆனால் துண்டு தடித்த கீழ்விளிம்பில் உட்காராமல் மேலே ஏறிப் பல்வேர்ப் பக்கம் உட்கார்ந்தால் நின்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. எடுத்த பிறகு விரிந்த தோலும் தசையும் பழையபடி ஒட்டாமல் முகவாய் தொங்குவதும் உண்டு.

இதற்கு மாற்று, அவரவர் எலும்பையே நகர்த்துவது. ஸ்லைடிங் ஜெனியோபிளாஸ்டி. 1942ல் ஹோஃபர் என்ற அறுவை மருத்துவர் எழுதினார், 1957ல் ஓப்வெகேசர் என்ற இன்னொருவர் வாய்க்குள்ளேயே கீறி, வெளியில் தழும்பில்லாமல் செய்யும் வழியைக் காட்டினார். பல்வேர்களுக்குக் கீழே எலும்பைக் குறுக்காக அறுத்து, முன்னால் இழுத்து, டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் போடுவது. முகவாய் நீளமாக இருந்தால் குறைக்கலாம், கோணலாக இருந்தால் நேராக்கலாம். சிலிகானால் சேர்க்க மட்டும்தான் முடியும்.

கோரையாறு:
டாக்டர், நீங்கள் எலும்பு அறுக்கும் பிரிவு, அதனால் எலும்பை அறுக்கச் சொல்கிறீர்கள். கிளினிக்காரர் சிலிகான் வைப்பவர், அவர் சிலிகான் என்கிறார். ஒரு மணி நேர வேலையை விட்டுவிட்டு முழு மயக்கத்தில் தாடையை ரம்பத்தால் அறுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா?

கொள்ளிடக்கரை:
அதைத்தான் நானும் கேட்கிறேன். உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த வழியாகத்தானே போகிறது? அறுத்தால் மரத்துப்போகாதா?

எக்ஸ்ரே_கண்:
போகும் அக்கா, அதை மறைக்கவில்லை. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் இருக்கும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் கீழ் ஒரு துளை வழியாக அந்த நரம்பு வெளியே வருகிறது. வெளியே வருவதற்கு முன் எலும்புக்குள் கொஞ்சம் கீழே இறங்கி வளைந்து மேலேறும். அதனால்தான் துளைக்கு 5 மில்லிமீட்டராவது கீழே அறுப்போம். அப்படியும் தற்காலிக மரத்துப்போதல் சகஜம், சிலருக்கு நிரந்தரமாகவே கொஞ்சம் தங்கிவிடும். சிலிகானில் இந்த ஆபத்து குறைவு. துண்டை வைக்கச் சதைக்குள் இடம் உண்டாக்கும்போது நரம்பு இழுபடுவதால்தான் உங்களுக்கு மரத்தது. எலும்பு நகர்த்தலில் இன்னொரு குறை: அறுத்த இடத்தின் ஓரத்தில் படி மாதிரி ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படலாம், மெல்லிய முகத்தில் கண்ணுக்கும் தெரியலாம்.

கடி சரியாக இருந்து, நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் போதும் என்றால் சிலிகான் நல்ல தேர்வுதான். நிறைய வேண்டும் என்றால், உயரமும் மாற வேண்டும் என்றால், குறட்டை இருக்கிறது என்றால் எலும்புதான். நாக்குத் தசை அந்த எலும்பின் பின்பக்கம் பிடித்திருக்கிறது. அந்த இடத்தையும் சேர்த்து முன்னால் கொண்டுவந்தால் தசையும் கூட வரும். மேலே ஒட்டவைத்த சிலிகான் எதையும் இழுக்காது.

மாடித்தோட்டம்:
இரண்டு பேருமே பொருளை நம்பிப் பேசுகிறீர்கள். அமெரிக்காவில் 1980களில் தாடை மூட்டுக்குள் புரோபிளாஸ்ட் டெஃப்லான் என்ற செயற்கைப் பொருளை வைத்தார்கள். அற்புதம் என்றார்கள். மென்று மென்று அது துகளாகி, உடம்பு அதை எதிர்த்துப் போராடி, பக்கத்து எலும்பையே தின்றுவிட்டது. 1990ல் செய்த நிறுவனம் திவால். பிறகுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதைத் திரும்பப் பெற வைத்தது. பிரான்சில் பிஐபி என்ற நிறுவனத்தின் மார்பக இம்ப்ளான்ட் 2010ல் பிடிபட்டது, உள்ளே இருந்தது தொழிற்சாலை சிலிகான். வைக்கும்போது எல்லாப் பொருளும் பாதுகாப்பானதுதான். இருபது வருஷம் கழித்து உங்கள் கிளினிக் அதே தெருவில் இருக்குமா?

கொள்ளிடக்கரை:
மார்பக இம்ப்ளான்டை இங்கே இழுக்காதீர்கள். அது ஜெல் நிரப்பிய பை, கிழியும், கசியும். முகவாய்க்கு வைப்பது முழுத் திடம், கத்தியால் செதுக்கிச் சரிசெய்கிறார்கள், கசிய எதுவும் இல்லை. புரோபிளாஸ்ட் கெட்டது மூட்டுக்குள் அரைபட்டதால். முகவாய் எலும்பின் மேல் எது அரைபடப் போகிறது? எலும்பு நகர்த்தினால் போடும் டைட்டானியம் தகடும் வெளிப்பொருள்தான், அதை யாரும் கேட்பதில்லை.

மாடித்தோட்டம்:
திடமென்றால் நகராதா? சீழ் பிடிக்காதா? ஒரு தோழிக்குக் கொஞ்சம் நகர்ந்து முகவாய் ஒருபக்கம் கோணிவிட்டது. எடுக்கப் போனால் அது சிலிகானே இல்லை, மெட்போர்.

எக்ஸ்ரே_கண்:
இது முக்கியம். மெட்போர் என்பது நுண்துளை உள்ள பாலிஎத்திலீன். துளைகளுக்குள் திசுவும் ரத்தக்குழாயும் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், அதனால் நகர்வது அரிது. அதே காரணத்தால் எடுப்பது கொடுமை, சுற்றியுள்ள சதையோடு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். எதை வைக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பெட்டியில் நிறுவனப் பெயர், லாட் எண்ணோடு ஸ்டிக்கர் வரும், அது டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன, ஸ்டிக்கரைத் தயங்காமல் கேளுங்கள். சிலிகானையும் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கலாம், கேளுங்கள்.

ஃபில்லர், அதாவது ஊசியால் நிரப்பி முகவாயை எடுப்பாக்குவது பற்றி யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஹயலூரோனிக் அமில ஊசியை முகவாய்க்கு எஃப்டிஏ 2020ல் அனுமதித்தது. ஒரு வருஷம் சொச்சம் தாங்கும், கரைக்க மருந்து உண்டு. தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் செத்துவிடும். அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

ஆடிட்டர்_மாப்ள:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி இல்லை, அழகு அறுவைக்கு 18 சதவீதம் உண்டு. விலக்கு எங்கே என்றால், பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றால் பாதித்த உடலமைப்பையோ செயலையோ சீராக்குவதாக இருக்க வேண்டும். தாடை வளரவில்லை என்று எக்ஸ்ரே அறிக்கை சொன்னால் வாதாட இடம் இருக்கிறது. கிளினிக் பில்லில் "காஸ்மெட்டிக்" என்று எழுதிவிட்டால் முடிந்தது கதை. காப்பீடும் அதே வார்த்தையைப் பார்த்துத்தான் கையை விரிக்கும்.

சும்மா_இரு:
பார்த்தீர்களா, வரிக்காக இப்போது நோயாளி ஆகிவிட்டான். முகவாய் எங்கே இருக்க வேண்டும் என்ற கோடுகள் எல்லாம் யாருடையவை? மூக்கு நுனியிலிருந்து முகவாய்க்குக் கோடு போட்டு உதடு அதற்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றவர் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர், வெள்ளைக்கார முகங்களை வைத்து. நம் உதடு இயல்பிலேயே கொஞ்சம் முன்னால் இருக்கும். அந்தக் கோட்டில் வைத்தால் பாதித் தமிழ்நாட்டுக்கு அறுவை செய்ய வேண்டும்.

எக்ஸ்ரே_கண்:
கோடு விஷயத்தில் சும்மா_இரு அண்ணன் சொல்வது சரி. அதனால்தான் எலும்பை அளக்கச் சொல்கிறேன்.

கோரையாறு, ஆரம்பத்தில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள், மேல்வரிசையில் மட்டும் இரண்டு பல் பிடுங்கினார்கள் என்று. கீழே பிடுங்கவில்லையா?

கோரையாறு:
இல்லை, மேலே மட்டும்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எக்ஸ்ரே_கண்:
அப்போதே உங்கள் கீழ்த்தாடை பின்தங்கி இருந்திருக்கலாம். தாடையை முன்னால் கொண்டுவராமல், மேல்பல்லைப் பின்னால் இழுத்துக் கடியைப் பொருத்தியிருப்பார்கள். வழக்கமான சிகிச்சைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போது மொத்தத் தாடையையும் நகர்த்த வேண்டுமானால் அந்த இரண்டு பல் இடத்தையும் திரும்பத் திறக்க வேண்டும், மறுபடி கிளிப், மறுபடி வருஷக்கணக்கில். அதைத் தாங்க மாட்டீர்கள் என்றால் கடியைத் தொடாமல் முகவாயை மட்டும் சரிசெய்வதே நடைமுறை, எலும்போ சிலிகானோ. குறட்டை உண்டா? பழைய கிளிப் டாக்டரிடம் படங்கள் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலேயே வாய், முக அறுவைப் பிரிவு இருக்கிறது, விற்க எதுவும் இல்லாத ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

கோரையாறு:
குறட்டை உண்டு. அறைத்தோழன் தலையணையால் அடிப்பான். அது மூக்கடைப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

கொள்ளிடக்கரை:
அப்படியென்றால் முதலில் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள் தம்பி. எனக்குக் குறட்டை இல்லை, என் கதை உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் சிலிகானைக் கெட்ட வார்த்தையாக்க வேண்டாம் என்ற என் கட்சி அப்படியே நிற்கிறது.

சும்மா_இரு:
குறட்டைக்குச் செய்தால் நான் ஏன் தடுக்கிறேன்? போட்டோவுக்குச் செய்யாதே என்றேன்.

கோரையாறு:
போட்டோவுக்கும் சேர்த்துத்தான் அண்ணே செய்வேன், அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. கிளினிக்கில் கட்டச் சொன்ன முன்பணத்தை இன்னும் கட்டவில்லை, அதை நிறுத்தி வைக்கிறேன். படம் எடுத்த பிறகு அளவுகளை இங்கே போடுகிறேன், அதையும் வந்து திட்டுங்கள்.